பத்தியின் முதல் வாக்கியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் நடந்த நிவாரணப் பணிகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். தகவல் நிறைய இருந்தும் பத்திகள் எங்கே போகின்றன என்று தெரியவில்லை என்கிறார் நெறியாளர். ஒவ்வொரு பத்திக்கும் தலைவாக்கியம் எழுதச் சொல்கிறார். என் பத்தி ஒன்றின் தொடக்கம் இது: ‘மேலும், 1877ஆம் ஆண்டு சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்.’ இதில் என்ன பிழை? எல்லாப் பத்திக்கும் தலைவாக்கியம் கட்டாயமா?

க.

அன்புள்ள க.,

தகவலில் பிழை இல்லை. அதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் சிக்கல். பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த இந்திய அரசு அனுப்பிய டெம்பிளின் பயணம், அவர் வைத்த கூலி, மாகாண அரசோடு நடந்த இழுபறி எல்லாமே அங்கே இடம் கேட்கும்.

பத்தி எதைப் பற்றியது என்பதோடு, அதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதும் தலைவாக்கியத்தில் இருக்க வேண்டும். உங்களுடையதில் முதல் பாதி மட்டுமே இருக்கிறது. படித்ததும் வாசகர் ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்பாரா என்று பாருங்கள். டெம்பிள் வந்தார் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ‘நிவாரணத் தொழிலாளர்களை நலிய வைத்தது, வேலையின் கடுமையைவிட டெம்பிள் குறைத்த கூலியே’ என்றால் கேட்பார்கள்.

இனி பத்திக்குள் எது வரவேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். கூலியில் ஒன்றரை பவுண்டாக இருந்த தானிய அளவு ஒரு பவுண்டாக, அதாவது சுமார் 450 கிராமாகக் குறைந்தது, சுகாதார ஆணையர் கார்னிஷின் எதிர்ப்பு: இவை உள்ளே வரும். பயணத் தேதிகள் வெளியே போகும். ஒன்று கவனியுங்கள். வேலையின் கடுமையையும் கூலியையும் ஒப்பிட உங்களிடம் சான்று இல்லையென்றால் ‘கடுமையைவிட’ என்று எழுதக் கூடாது. ‘கூலிக்குறைப்பு தொழிலாளர் உடல்நலத்தைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை அப்போதே எழுந்தது’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள். சான்று தாங்கும் அளவுக்குத்தான் தலைவாக்கியம்.

தமிழில் எழுதுபவருக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. வினைமுற்று கடைசியில் வருவதால், ‘மழை பொய்த்த நிலையில், தானிய விலை ஏறியதையடுத்து, செலவு பெருகுமென்று கருதப்பட்டதன் காரணமாக’ என்று அடுக்கிக்கொண்டே போனால், சொல்லவந்தது நான்காவது வரியில்தான் எட்டிப்பார்க்கும். அதற்குள் வாசகர் களைத்துவிடுவார். பின்னணியை இரண்டாம் வாக்கியத்துக்குத் தள்ளுங்கள். முதல் வாக்கியம் பதினைந்து சொல்லுக்குள் நிற்கட்டும். ‘நலிய வைத்தது… கூலியே’ போன்ற அமைப்பு அழுத்தத்தைச் சரியான இடத்தில் வைக்கும். ஆனால் எல்லாப் பத்தியின் முதல் வாக்கியத்தையும் இப்படி ஏகாரத்தில் முடித்தால் மேடைப்பேச்சாகிவிடும்.

‘மேலும்’ என்பதை எடுத்துவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. முந்தைய பத்தி வேலைத்தலங்களின் கடுமை பற்றியது என்றால், ‘வேலையின் கடுமையைவிட’ என்ற சொற்களே பாலம்.

நூல் எழுதுவதற்கு நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் முதலாவது ‘நுதலிப் புகுதல்’: சொல்லப்போவதைக் குறிப்பிட்டுவிட்டு உள்ளே போவது. நூலுக்கு அது சரி. பத்திக்கு ‘இனி கூலிக்குறைப்பு பற்றிக் காண்போம்’ என்ற அறிவிப்பு போதாது. உங்கள் தீர்ப்பும் அதில் வேண்டும்.

பத்தியை எழுதும் முன்பே தலைவாக்கியத்துக்காக மல்லாட வேண்டாம். எழுதி முடித்துவிட்டு, கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். எழுத எழுதத்தான் கருத்து பிடிபடும் என்பதால், பெரும்பாலும் தலைவாக்கியம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதை மேலே கொண்டுபோய், கீழே மிஞ்சுவதைத் திருத்துங்கள். இயல் முடிந்ததும் முதல் வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் எழுதி வரிசையாகப் படியுங்கள். வாதம் தொடர்ந்து ஓட வேண்டும். ஒரே கருத்து இருமுறை வந்தால் அந்தப் பத்திகளை இணையுங்கள். ஒரு வாக்கியம் ‘கூலியும் தானிய ஏற்றுமதியும்’ என்று இரட்டைச் சுமை தூக்கினால் பத்தியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

எல்லாப் பத்திக்கும் கட்டாயமில்லை. ஆவணங்களை அறிமுகம் செய்யும் பத்திக்கு வெறும் தகவல் வாக்கியமே போதும். டெம்பிளும் கார்னிஷும் மோதும் இடத்தில் இருவர் தரப்பையும் முதலில் வைத்து, உங்கள் முடிவைக் கடைசியில் சொல்லலாம். அப்போதும் அவர்கள் எதில் முரண்பட்டார்கள் என்பது முதல் வாக்கியத்தில் இருக்கட்டும்.