காட்டு மரத்துல கட்டியிருக்க கலர் டேப்புக்கு என்ன அர்த்தம்?

கன்னியாகுமரி மாவட்டத்துல கீரிப்பாறை பக்கம் போனப்ப மரத்துல சிவப்பும் நீலமுமா ரிப்பன் பாத்தேன்னு கேட்டிருக்கிய. சிவப்புன்னா இது, நீலம்னா அதுன்னு எல்லா எடத்துக்கும் பொதுவா ஒரு கணக்கு கெடையாது மக்கா, கட்டுனவங்க எதுக்குக் கட்டுனாங்களோ அதான் அர்த்தம். எல்லைக்கு ஒரு கலர், வெட்டப்போற மரத்துக்கு ஒண்ணு, நடக்குற வழிக்கு ஒண்ணுன்னு அந்தந்த டீம் பேசி வச்சுக்கிடுவாங்க. அது பசை இல்லாத வெறும் பிளாஸ்டிக் நாடா, முடிச்சு போட்டா போதும், வேலை முடிஞ்சா அவுத்துடலாம், மரத்துக்கும் கேடில்ல.

4 வருசத்துக்கு ஒருக்க புலிக் கணக்கெடுப்பு வருதுல்லா, அதுல 2 கிலோமீட்டர் நேர்கோட்டுல நடந்து 400 மீட்டருக்கு ஒருக்க நின்னு செடிகொடி கணக்கு எழுதணும், அடுத்த நாளும் அதே கோட்டுல நடக்கணும்னா அடையாளம் வேண்டாமா.

ஆனா ரப்பர் தோட்டத்துல பாத்தியன்னா அது டேப்பே இல்ல, பால் வடிக்க மரத்துல போட்ட வெட்டுல மழைத்தண்ணி எறங்காம இருக்க கட்டுன பிளாஸ்டிக் பாவாடை. நானே முதல்ல ஏமாந்தேன்.

எதையும் அவுத்துராதிய, நாலு நாள் வேலை போயிரும். ரிப்பன நம்பி உள்ளயும் போவாதிய, கீரிப்பாறை பக்கம் 2008லயே சரணாலயம் ஆன காடு, பர்மிஷன் வேணும்.