கேளுங்கள், சொல்கிறேன்: காதும் போய் கண்ணும் போனால் கார்டு இரண்டா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பிறவியிலேயே காது கேட்காது, சின்ன வயதிலேயே ஓகேயூ கார்டு (ஊனமுற்றோர் அடையாள அட்டை) எடுத்துவிட்டோம். இரண்டு வருடமாக இருட்டில் தடுமாறுகிறாள். கண்ணிலும் பிரச்சினை, போகப் போகக் கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்குத் தனியாக இன்னொரு கார்டு எடுத்தால் காசு இரட்டிப்பாக வரும் என்கிறார் என் நாத்தனார். உண்மையா?
- ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார் அம்மா, ஆனால் கணக்கு அப்படி இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு கார்டுதான். சமூக நல இலாகா குறைபாடுகளை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறது. காது ஒரு வகை, கண் ஒரு வகை, இரண்டும் சேர்ந்தால் 'பெல்பாகாய்', அதாவது பலவகைக் குறைபாடு. மகளின் கார்டை அந்த வகைக்கு மாற்றக் கேளுங்கள். இந்தியாவின் 2016 ஊனமுற்றோர் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் கண்ணும் காதும் சேர்ந்து போவதைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், நம் இலாகாவின் ஏழில் அதற்குத் தனி இடம் இல்லை.

காசு எத்தனை குறை என்று எண்ணிப் பார்த்து வருவதில்லை. வேலை செய்ய முடியாதவருக்கு மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்), குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவருக்கு 450 வெள்ளி என்று 2021 பட்ஜெட்டில் உயர்த்தினார்கள். முதலாவது 18 வயதுக்கு மேல், வீட்டு வருமானம் பார்த்துத்தான் தருவார்கள். இரண்டாவதற்குச் சம்பள உச்சவரம்பு உண்டு, அதை அவ்வப்போது மாற்றுவதால் விண்ணப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு 500 வெள்ளி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் உங்கள் மகள் நடமாடுகிற பெண். கூடவே கைபிடித்து நடக்கிற உங்களுக்கு அது ஒத்துவராது, எனக்கு இதில் வருத்தம்தான். மகளின் அப்பா வருமான வரி கட்டுபவர் என்றால், ஊனமுற்ற பிள்ளைக்கான கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 8,000 வெள்ளி, அதை விட்டுவிடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். பிறவியில் காது கேட்காமல், பதின்வயதில் இருட்டில் தடுமாற ஆரம்பித்தால் காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கிற பரம்பரைக் கோளாறான 'அஷர் சின்ட்ரோம்' ஆக இருக்குமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல் நடுவில் மட்டும் மிஞ்சும். அந்த நடுப்பார்வைதான் ஆளை ஏமாற்றும். பக்கத்து வீட்டுப் பையனை ஒருமுறை கண் கிளினிக்குக் கூட்டிப்போனேன். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டான், நர்ஸ் 'பார்வை ஓகே' என்று எழுதிவிட்டார். எழுந்து திரும்பினவன் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டு அப்படியே குப்புற விழுந்தான்! அதனால் எழுத்துப் பலகையோடு நிற்காமல் பார்வைப் பரப்புச் சோதனை கேளுங்கள். இலாகாவின் அளவுகோலில் 3/60-க்கு (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்தான் பார்க்க முடிவது) கீழே போனால்தான் பார்வையற்றவர் என்றில்லை, பார்வை நடுப்புள்ளியிலிருந்து 10 டிகிரிக்குள் சுருங்கினாலும் பார்வையற்றவர்தான். அந்த எண் டாக்டரின் பாரத்தில் ஏறாமல் இலாகாவுக்குப் போகாதீர்கள், திருப்பி அனுப்பினால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

இன்னொன்று, மகளிடம் சைகையில் பேசும்போது கிட்டே போகாதீர்கள், நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். கிட்டே நின்றால் உங்கள் கை அவள் பார்வைக்கு வெளியே போய்விடும். நெஞ்சுக்கு நேராக, சின்னதாகக் கையை அசைத்தால் போதும், பூப்போட்ட சட்டை வேண்டாம். அப்புறம், சொந்தத்தில் கட்டினதால் வந்தது என்று வீட்டில் யாராவது குத்திப் பேசினால், அசலில் கட்டினவர்களுக்கும் இது வரும் என்று சொல்லுங்கள். அப்பா அம்மா இருவரிடமும் அந்த மரபணு ஒளிந்திருந்தால் போதும். சொந்தத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

கேள்வி: என் அண்ணனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. வெள்ளைத் தடியோடு பிரிக்பீல்ட்ஸில் நடந்தால் பின்னால் வருபவர்கள் 'ஓரமாப் போங்க' என்று கத்துகிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள். என்ன செய்வது?
- செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, முழு வெள்ளைத் தடி கண் தெரியாது என்று மட்டும்தான் சொல்லும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட தடி, காதும் கேட்காது என்பதையும் சேர்த்துச் சொல்லும், அதற்கு மாறச் சொல்லுங்கள். இந்த வித்தியாசம் நம் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை. 1951-இல் ஆரம்பித்த பார்வையற்றோர் சங்கம் இருக்கிற பேட்டை அது, நடைபாதையில் மேடுபோட்ட மஞ்சள் கோடு எல்லாம் உண்டு, அதன் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அண்ணனுக்கு உதவ யாராவது வந்தால் தோளைப் பிடித்துத் தள்ள விடாதீர்கள். வருபவர் முதலில் அண்ணனின் புறங்கையைத் தொட வேண்டும், பிறகு தன் முழங்கையை நீட்டினால் அண்ணனே பிடித்துக்கொள்வார்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. கண்ணும் காதும் சேர்ந்து மங்குகிறது. இந்த வயதில் போய் ஓகேயூ கார்டா என்று சிரிக்கிறார்.
- ஆயர் ஈத்தாம் வாசகி, பினாங்கு

பதில்: சிரிக்கட்டும். கார்டுக்கு வயது வரம்பு இல்லை. கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் இல்லை, மூன்றாம் வகுப்பு வார்டும் இலவசம், காது மெஷினுக்கும் இலாகாவில் உதவி கேட்கலாம். பாரத்தில் தொடர்பு எண் என்ற இடத்தில் மட்டும் உங்கள் நம்பரை எழுதுங்கள், அவருடையதை எழுதினால் அதிகாரி கூப்பிடும்போது யார் எடுப்பது?