மகள் பாடசாலை போகப்போகிறாள்: சீட்டுக் காசை எதில் போடுவது?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் திருகோணமலை உப்புவெளி. கணவர் புறாமலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகில் வேலை செய்கிறார். மே முதல் செப்டெம்பர் வரை மாதம் 70,000, 75,000 வரும். மாரியில் 30,000 வந்தாலே பெரிய காரியம். நான் வீட்டிலிருந்து தைக்கிறேன், 15,000 அளவில் கிடைக்கும். மகளுக்கு 8 வயது. பிறப்பிலிருந்தே பெருமூளை வாதம். பிடித்துக்கொண்டு சில அடி நடப்பாள், பேச்சு கொஞ்சம் இழுக்கும், ஆனால் கணக்கில் கெட்டி. இவ்வளவு நாளும் வீட்டில்தான் படித்தாள். வருகிற ஜனவரியில் டவுனில் விசேட கல்வி அலகு உள்ள ஒரு பாடசாலையில் சேர்க்கப்போகிறோம். சீட்டு எடுத்த 150,000 ரூபாய் கையில் இருக்கிறது. என் சங்கிலி ஒரு தனியார் கடையில் 60,000 ரூபாய்க்கு அடைவில் கிடக்கிறது, மாதம் 3 வீத வட்டி. காசைப் பிள்ளையின் பெயரில் காப்புறுதியில் போடச் சொல்கிறான் தம்பி. சிறுவர் கணக்கில் வைப்புச் செய்யச் சொல்கிறார்கள் வங்கியில். ஒரு கடையில் 95,000 ரூபாய்க்கு சக்கர நாற்காலி காட்டினார்கள். ஓட்டோவுக்கு மாதம் 18,000 கேட்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதிய நாலு செலவில் மூன்றைப் பற்றித்தான் எல்லோரும் உங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். நாலாவதான ஓட்டோவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் மகள் டிசம்பர் வரை பாடசாலை போவாளா, பெப்ரவரியோடு நின்றுவிடுவாளா என்பது அந்த ஓட்டோவில்தான் இருக்கிறது.

18,000 ரூபாயை 12 மாதத்தால் பெருக்கினால் 216,000. முழுச் சீட்டுக் காசையும் கொடுத்தாலும் காணாது. ஆனால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? மழையில் பிள்ளைக்குச் சளி பிடிக்கிற நாளும் கிளினிக் நாளும் வேறு இருக்கின்றன. ஆகவே மாதக் கணக்கை விட்டு நாள் கணக்குக்கு வாருங்கள். நாளுக்கு 900 ரூபாய், வருடத்தில் ஏறக்குறைய 180 நாள் என்று வைத்தால் 162,000. அதிலேயே 54,000 மிச்சம். ஓட்டோக்காரரும் குடும்பக்காரர்தானே. பாடசாலை நடக்கிற மாதத்தில் பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் 15 நாளுக்குக் குறையாமல் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். அதற்குக் கீழே பேரம் பேச வேண்டாம். பிள்ளையைப் பக்குவமாகத் தூக்கி இறக்குகிற மனிதரிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டினால் நட்டம் உங்களுக்குத்தான்.

சரி, இனிக் கையிலுள்ள காசு. முதல் வேலை சங்கிலி. 60,000 ரூபாய்க்கு மாதம் 3 வீதம் என்றால் மாதம் 1,800, வருடம் 21,600 ரூபாய். அதே 60,000 ரூபாயை நிலையான வைப்பில் போட்டால் இப்போதைய ஏழெட்டு வீதத்துக்கு வருடம் 5,000 கூட வராது. அங்கே 21,600 கொடுத்துக்கொண்டு இங்கே 5,000 வாங்குவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை. இந்த மாத வட்டியையும் சேர்த்து 61,800 கட்டி மீட்டுவிடுங்கள். மீட்ட சங்கிலியை விற்கவும் வேண்டாம், திரும்ப அந்தக் கடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். நாளைக்கு ஓர் அவசரம் என்றால் அரச வங்கியில் அடைவு வைக்கலாம், வட்டி மிகவும் குறைவு. அதுதான் இப்போதைக்கு உங்கள் காப்புறுதி.

மீதி 88,200. இதில் பாடசாலையின் முதலாம் தவணை ஓட்டோவுக்கு, 55 நாள் என்று வைத்து, 49,500 ரூபாயை உங்கள் பெயரில் தனியான ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கோடு கலந்தால் ஜனவரி 10ஆம் திகதி அது அரிசியாகவும் தேங்காயாகவும் மாறிவிடும். அப்புறம் சப்பாத்து, பை, கொப்பி, கதிரைக்கு ஒரு மெத்தை என்று 12,000. மிச்சம் 26,700. அதில் 25,000 ரூபாயை உங்கள் பெயரில் மூன்று மாத நிலையான வைப்பில் போட்டு, சில்லறையைக் கையில் வையுங்கள். வட்டியில் 10 வீதம் வரி கழிப்பார்கள், 2025 ஏப்ரலிலிருந்து அதுதான் நடைமுறை. உங்களுக்கு வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்பதால் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஐம்பது ரூபாய் விஷயம்தான். இருந்தாலும் உங்கள் காசு அல்லவா.

ஏன் பிள்ளையின் பெயரில் வேண்டாம் என்கிறேன்? சிறுவர் கணக்கில் போட்ட காசை 18 வயது வரை சாதாரணமாக எடுக்க முடியாது. படிப்பு, வைத்தியம் என்று காரணம் காட்டி, கடிதம் கொடுத்து, முகாமையாளர் சம்மதித்தால்தான் உண்டு. உங்களுக்குக் காசு தேவைப்படப்போவது பத்து வருடம் கழித்து அல்ல, தை மாதத்தில். நான் வங்கிக் கவுண்டரில் வேலை செய்த காலத்தில் ஒரு தகப்பன் வருவார். மகனுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. பெரிய தொகையொன்றை மகனின் பெயரிலேயே சேர்த்துவிட்டார். மகனுக்கு 18 ஆனதும் கணக்கு மகனின் கைக்குப் போனது, மகனால் ஒப்பமிடவோ விளங்கிக்கொள்ளவோ முடியாது. தன் காசைத் தொடுவதற்கு அந்த மனிதர் சட்டத்தரணி வைத்து மாவட்ட நீதிமன்றம் ஏறி இறங்கினார். உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் வராது. பெருமூளை வாதம் என்றதும் புத்தியையும் சேர்த்துக் குறைத்து மதிப்பிடுவது நம் ஊரில் ஒரு பழக்கம். கணக்கில் கெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பெயரில் சின்னதாக ஒரு கணக்கைத் திறந்து, மாமாமார் கொடுக்கிற நூறு இருநூறைப் போட்டு, புத்தகத்தை அவளே வைத்திருந்து கூட்டிப் பார்க்கட்டும். குடும்பத்தின் காசு மட்டும் அங்கே போக வேண்டாம்.

தம்பி சொல்கிற காப்புறுதியிலும் ஆள் மாறிவிட்டது. கடலில் உழைக்கிறவர் உங்கள் கணவர். அவர் உழைப்பு நின்றால்தான் மகளின் படிப்பு நிற்கும். ஆகவே காப்புறுதி செய்வதானால் அவருடைய உயிருக்கும் விபத்துக்கும், சேமிப்புக் கலக்காத எளிய திட்டமாகச் செய்யுங்கள், அதுவும் அடுத்த சீசன் தொடங்கி மே மாதக் காசு வந்த பிறகு. பிள்ளைக்கான திட்டத்தைக் காட்ட முகவர் வந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் கொடுப்பார்களா, மாட்டார்களா என்ற வரியை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலையில் சேர்ந்ததும் மாணவர்களுக்கான ‘சுரக்ஷா’ காப்புறுதி பற்றி வகுப்பு ஆசிரியையிடம் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

சக்கர நாற்காலியை இப்போது வாங்கவே வேண்டாம். கடையில் நிற்பது அநேகமாகப் பெரியவர்களின் அளவு. 8 வயதுப் பிள்ளை அதில் இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சரியும், கால் தொங்கும். மாவட்டப் பொது வைத்தியசாலையில் பிசியோவிடம் காட்டி அளவை எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டோடு திருகோணமலை ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உதவி உபகரணங்கள் அவர் வழியாகத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்திலும் கால் தாங்கிகள், நாற்காலிகள் உண்டு, விசாரியுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகிற அதே பயணத்தில் மாதாந்தக் கொடுப்பனவுக்கும் பதிந்துவிடுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான அந்தத் தொகையை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. வைத்திய அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: முதல் மாதக் காசு கணக்கில் விழும்வரை அதை நம்பி ஒரு செலவும் ஏற்க வேண்டாம்.

சப்பாத்து விஷயத்தில் பலர் காசை வீணாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிசம்பரில் மலிவு விற்பனை என்று வாங்கிவிடுவோம். ஜனவரியில் கிளினிக்கில் கணுக்காலுக்குத் தாங்கி கொடுப்பார்கள். தாங்கியைப் போட்டால் கால் சப்பாத்துக்குள் நுழையாது. முதலில் தாங்கி, பிறகு சப்பாத்து. கடைக்குத் தாங்கியையும் கொண்டுபோய், அதைப் போட்டபடியே அளவு பாருங்கள். ஒன்றிரண்டு அளவு பெரிதாக, முன்பக்கம் நன்றாகத் திறக்கிற, லேசுக்குப் பதில் பட்டி வைத்த சோடியாக இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் பெரிய காலுக்கு வாங்கி, மற்றதற்குள் தடித்த உள்ளடி வையுங்கள். சீருடைக்கு உங்களுக்குச் செலவே இல்லை. அரசாங்கம் கொடுக்கிற துணி, உங்கள் மெஷின். பொத்தானுக்குக் கீழே வெல்க்ரோ வைத்து, கைக்குழியை ஓர் அங்குலம் அகலமாக வெட்டினால் அவளே போட்டுக் கழற்றப் பழகுவாள்.

தையல் என்றதும் இன்னொன்று. ஜனவரியில் ஊர்ப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் உங்கள் வீட்டில் குவிந்திருக்கும். முதல் இரண்டு வாரமாவது நீங்கள் பாடசாலையில் இருக்க வேண்டிவரும், அந்த நாட்களில் மெஷின் ஓடாது. ஓர்டர்களை நவம்பரிலேயே எடுத்து நத்தாருக்கு முன் கொடுத்து முடியுங்கள். முற்பணம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வாடைக் காற்று. கடல் கொந்தளித்து, ஹோட்டல்களில் ஆளில்லாமல், கணவரின் கை வறண்டு கிடக்கிற நேரத்தில்தான் ஜனவரியின் பாடசாலைச் செலவு வருகிறது. வருடா வருடம் சங்கிலி அடைவுக்குப் போவதும் அப்போதுதான், இல்லையா? இரண்டாம், மூன்றாம் தவணை ஓட்டோவைச் சீசன் உழைப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேலாக மே முதல் செப்டெம்பர் வரை, கணவர் காசு கொண்டுவருகிற அன்றே, வாரம் 3,000 ரூபாயை அந்த ஓட்டோக் கணக்கில் போட்டுவிடுங்கள். 20 வாரத்தில் 60,000. அதற்கடுத்த ஜனவரியின் முதலாம் தவணையும் சப்பாத்தும் அதில் அடங்கும். வாரத் தவணையில் கடன் தருகிறோம் என்று வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், எங்களுக்கு ஏற்கெனவே வாரத் தவணை இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். பொய்யும் இல்லை.

கடைசியாக, டிசம்பர் விடுமுறை விடுவதற்கு முன் ஒரு நாள் மகளையும் அந்த ஓட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போங்கள். வாசலில் எத்தனை படி, வகுப்பறை வரை எவ்வளவு தூரம், மலசலகூடத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைபிடி இல்லையென்றால் அதிபரிடம் சொல்லிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேளுங்கள். இரண்டு துண்டு ஜீஐ பைப்பும் ஒரு மேசனின் அரை நாள் கூலியும்தான் செலவு, விடுமுறைக்குள் பூட்டிவிடலாம்.