நிலத்தை விற்பதற்கு முன் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள்

ஐயா, போன வியாழக்கிழமை நீங்களும் மகளும் மன்னார்குடியிலிருந்து வந்து அவளுடைய மேற்படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனீர்கள். "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று அன்றிரவே தோன்றிவிட்டது. உங்களைப் போல இன்னும் பல வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருப்பதால், உங்கள் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சென்னையில் இருக்கும் உங்கள் தம்பி, செயற்கை நுண்ணறிவுப் பொறியியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். முன்பணம் கட்டப் பத்து நாள் கெடு. அதற்காக இரண்டு மா நிலத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. இவ்வளவையும் நீங்கள் சொல்லி முடிக்கும்வரை உங்கள் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோதுதான் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் முன் வைத்தாள்.

உங்கள் தாத்தா வைத்தியர். அவருடைய ஓலை ஏட்டுக் கட்டுகள் பரணில் கிடக்கின்றன. அவற்றில் பதினொன்றை அவள் இறக்கி, ஏடு ஏடாகக் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறாள். நோட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பக்கம், ஒன்பது கட்டங்கள். ஏடுகள் எத்தனை, நீளம் எவ்வளவு, முதல் வரியில் படிக்க முடிந்தது என்ன, மேலும் கீழும் வைக்கும் மரச் சட்டம் இருக்கிறதா என்று இப்படி. நான்காம் கட்டுக்கு எதிரே இப்படி எழுதியிருந்தாள்: "இடது ஓரத்தை எலி கடித்திருக்கிறது. 7-ஆம் ஏடு இல்லை. 8-ஆம் ஏட்டின் எண் தமிழ் எண்ணில் இருக்கிறது."

அவளுக்கு இதை யாரும் கற்றுத் தரவில்லை. ஒரு பொருளைப் பற்றி இப்படி எழுதி வைக்கும் விவரங்களை நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மேனிலைத் தரவு (metadata) என்கின்றன. டப்ளின் கோர் என்னும் உலகத் தரத்தில் இப்படி விவரம் எழுதும் அடிப்படைக் கட்டங்கள் 15. உங்கள் மகள் தானாகவே ஒன்பது போட்டிருக்கிறாள்.

இந்த வேலை தெரிந்த ஆட்களுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பதை நான் கண்ணால் பார்த்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய நூலகத்துக்குப் போயிருந்தேன். செலவு செய்து ஆயிரக்கணக்கான ஏடுகளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். வன்தட்டைத் திறந்தால் கேமரா கொடுத்த வரிசை எண்களே கோப்புப் பெயர்கள். எந்தப் படம் எந்தச் சுவடி என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. படம் எடுத்தவருக்குச் சுவடி தெரியாது. சுவடி தெரிந்த பெரியவருக்குக் கணினி தெரியாது. வேறு பிரதியும் இல்லை. அந்த ஒரு தட்டு பழுதானால் அத்தனையும் போயிற்று. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இயந்திரம் படித்துவிடாதா என்று உங்கள் தம்பி கேட்பார். அச்சு நூலை ஓரளவு படிக்கும். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். எகர ஏகார வேறுபாடு இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். 'எரி' என்றிருப்பது ஏரியா, எரியா என்பதை இடம் பார்த்து ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கே கோப்புக்குப் பெயரிடவும், மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரில் வைக்கவும், டிஸ்பேஸ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றித் தேடும்படி அமைக்கவும் தெரிந்திருந்தால், சுவடி நூலகங்கள் மட்டுமல்ல, மடங்களும், பழைய ஒலிநாடாக்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தவிக்கும் இசைச் சபாக்களும் கூத்துக் குழுக்களும் அவரைத் தேடி வரும். இத்தகைய அமைப்புகளில் பலவற்றுக்கு முழுநேரக் கணினிப் பணியாளரை வைத்துக்கொள்ள வசதி கிடையாது. அவர்கள் பாஷையும் புரிந்து, தொழில்நுட்பமும் கற்றுத் தரும் ஒருவர்தான் வேண்டும்.

இதைத் தொழிலாகவே செய்யும் இடங்கள் இருக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த நூல்களிலிருந்து 1994-இல் உருவானது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் நடத்துகிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்கள், 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை ஏன் இப்படி விடாமல் மின்வடிவாக்குகிறது என்று கேட்க மாட்டார்கள். அருங்காட்சியகங்களுக்கென்றே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக் 'ஜதன்' என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. பழஞ்சுவடிகளுக்கென்று மத்திய அரசின் திட்டமும் 2003 முதல் உண்டு.

படிப்பு எப்படி? அரசு கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ இளங்கலை சேரட்டும். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அந்த மூன்று ஆண்டுகளும் மாலையில் ஒரு மணி நேரம், பழைய நூல்களை இணையத்தில் எழுத்து வடிவில் ஏற்றும் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கட்டும். பைசா செலவில்லை, செய்ததெல்லாம் அவள் கணக்கில் பதிவாகி நிற்கும், நாளை வேலை கேட்கும் இடத்தில் காட்டலாம். சுவடி படிக்கத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விடுமுறையில் ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அதற்குப் பின் நூலக அறிவியல். இங்கேதான் பெற்றோர்கள் முகம் சுளிக்கிறார்கள். புத்தகம் அடுக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் இருக்கிறது. 1962-இல் அதைத் தொடங்கியவர் நம் சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் அங்கே இரண்டாண்டு முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். மின்னூலகம், தரவு அமைப்பு, நிரலாக்கம் எல்லாம் அங்கே பாடங்கள். ஆங்கிலமும் கணக்கும் நன்றாக இருக்க வேண்டும். இன்றிலிருந்தே அவள் பழக வேண்டியது அதைத்தான். பெங்களூர் கிடைக்காவிட்டால் நம் பல்கலைக்கழகங்களிலேயே நூலக அறிவியல் முதுகலை படிக்கலாம். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி நூலகர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் மென்பொருள் நிறுவனத்தில் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பல வேலைகள் திட்டக் கால ஒப்பந்தங்கள்; ஒரு திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். இதைத் தாங்க முடிய வேண்டுமானால் குடும்பத்தின் தலையில் கடன் இருக்கக் கூடாது. அதனால்தான் நிலத்தில் கை வைக்காதீர்கள் என்கிறேன். கடனில் படித்த பிள்ளை பிடித்த வேலைக்குப் போக முடியாது. முதலில் வந்த வேலைக்குத்தான் போகும். அதுவும் அவள் கேட்காத படிப்புக்காக விற்ற நிலமென்றால், ஒவ்வொரு பருவத் தேர்விலும் அந்த நிலம் அவள் கண் முன் வந்து நிற்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஐயா. பாரம்பரிய மின்வடிவாக்கம் என்று பெயர் போட்டு, பெரும் தொகைக்கு மூன்று மாதச் சான்றிதழ் விற்பவர்கள் வந்தாலும் இதே பதில்தான்.

பொறியியல் வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்வதில்லை. கணக்கில் கிறுக்குப் பிடித்த பையன் வந்தால் நானே அனுப்புகிறேன். இந்தப் பெண்ணுக்கு அது பொருந்தாது. நான் அந்த நோட்டைப் பார்த்தவன். உங்கள் தம்பி பார்க்கவில்லை. கெடு முடிவதற்குள் அவரை ஒரு நாள் ஊருக்கு வரச் சொல்லி, அதை அவர் கையில் கொடுங்கள். அவள் தானே விளக்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

பரணில் இன்னும் இரண்டு கட்டு இருப்பதாகச் சொன்னாள். அவற்றை வெயிலில் காய வைத்துவிடாதீர்கள், ஓலை முறிந்துவிடும். ஈரத் துணியும் படக்கூடாது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் கட்டு இருந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.