கல் கொட்டும் முன் கேட்க வேண்டியவை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலரிப்புத் தடுப்புத் திட்டங்கள், அவை குறித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் கல் சுவர் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். தூண்டில் வளைவுதான் வேண்டும் என்கிறது ஊரில் ஒரு தரப்பு. எதைக் கேட்பது?
*மரக்காணம் பக்கத்து வாசகர்*

சுவர் கரையோரமாக நிற்பது; தூண்டில் வளைவு கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு. இரண்டில் ஒன்றைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகரும். வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைக் கடற்கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். இந்த மணலின் வழியில் கல்லைக் குறுக்கே நீட்டினால் தென்புறம் கரை வளரும், வடபுறம் கடல் ஏறும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர்கள் வந்தன. சேரும் மணலை வடக்கே இறைத்துக் கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரின் கடற்கரை போனது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்தடுத்து வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது.

சுவர் கடலுக்குள் குறுக்கே நீளவில்லையே, அதனால் மணலுக்குக் கேடில்லை என்று நினைக்க வேண்டாம். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடி மணலை வாரிக்கொண்டு போகும். வீடு நிற்கும், படகு ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இடம் இருக்காது. சுவர் முடியும் இடத்தில் அரிப்பு கூடும். ஊருக்குள் பெய்யும் மழைநீர் எந்த வழியாகக் கடலுக்கு வடியும் என்பதையும் கேளுங்கள். வடிகாலுக்கு வழிவிடாத சுவருக்குப் பின்னால் ஊரே குளமாகிவிடும்.

அலை வீட்டு வாசலைத் தொடும் ஊரிடம் சுவர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சுவரோடு சேர்த்து, மணலை இறைத்துப் போடும் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு, பணம் எங்கிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதுச்சேரியில் நழுவிப்போனது அந்த இடத்தில்தான்.

கூட்டம் நடத்திவிட்டோம் என்று சொல்லி முடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. விதி என்ன?
*நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்*

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கூட்டம் என்றால் விதிகள் தெளிவாக இருக்கின்றன. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிவிப்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை வகிப்பவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. நிகழ்ச்சி முழுவதையும் வீடியோவில் பதிய வேண்டும். இவ்வளவு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. அதனால் 'நாம் போகாவிட்டால் கூட்டம் நடக்காது' என்று புறக்கணிப்பது பெரும்பாலும் நமக்கே எதிராக முடியும்.

பலர் அறியாத ஒன்று: பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவிலேயே தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். அதுவரை யாரும் எழுந்து போகாதீர்கள். நான் போயிருந்த ஒரு கூட்டத்தில், முகத்துவாரம் தூர்ந்துபோவதைப் பற்றி ஒரு பெரியவர் இருபது நிமிடம் பேசினார். தரையில் குச்சியால் கோடு கிழித்து, ஆடியில் மணல் திட்டு எங்கே நிற்கும், ஐப்பசியில் எங்கே போகும் என்று காட்டினார். எந்த அறிக்கையிலும் அவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததில்லை. வாசித்த குறிப்பில் அது 'ஒருவர் மணல் பிரச்சினை குறித்துப் பேசினார்' என்று சுருங்கிவிட்டது. அவருடைய பேத்தி உடனே எழுந்து, தாத்தா சொன்னதை ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, அதிகாரியின் ஏற்புக் கையெழுத்துடன் நகலும் பெற்றுக்கொண்டாள். வாயால் சொன்னதை எழுத்திலும் கொடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எல்லாக் கல் சுவருக்கும் இந்தக் கூட்டம் கட்டாயமில்லை. கூட்டம் இல்லாவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அனுமதி ஆவணங்களைக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

நான் மீன் விற்கும் பெண். படகு வைத்திருப்பவர்கள்தான் பேசலாம் என்கிறார்கள்.

தவறு, அம்மா. நீங்கள் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். கருவாடு காயவைக்கும் மணல் போனால் முதல் இழப்பு உங்களுக்குத்தான், அதையே சொல்லுங்கள்.

கல்லுக்குப் பதில் மரம் நட்டால் போதாதா?
*கடலூர் மாணவி*

இடத்தைப் பொறுத்தது. அலையாத்தி சேற்றிலும் கழிமுகத்திலும் வளரும். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற இடங்களில் அது பெரும் காவல். அலை நேராக அடிக்கும் மணற்கரையில் அலையாத்தியை நட்டால் நிற்காது. அங்கே காவல் மணல்மேடுதான். அதைப் பிடித்து வைப்பவை அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். 2004 சுனாமிக்குப் பின் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். மேட்டைச் சமன்படுத்திவிட்டுச் சவுக்கு நடுவதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் ஊரில் மேடு மிச்சமிருந்தால், 'அதைத் தொடாதீர்கள்' என்பதே கூட்டத்தில் உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

வரைபடத்தில் எங்கள் ஊரே இல்லை!
*ராமநாதபுரம் மாவட்ட வாசகர்*

நீங்கள் மட்டும் இல்லை. கடலோரத்தில் எங்கே எதைச் செய்யலாம் என்பதை வரைபடங்களோடு வகுப்பது கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம். 2023 ஆகஸ்டில் அதன் வரைவு மீது தமிழகத்தில் கூட்டங்கள் நடந்தபோதும், மீனவக் குடியிருப்புகளும் படகு நிறுத்தும் இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஊர்க்கூட்டம் போட்டு நீங்களே ஒரு வரைபடம் தயாரியுங்கள். வீடு, கோயில், வலை உலர்த்தும் இடம், படகு ஏறும் இடம், மழைநீர் ஓடை, கடல் ஏறிய கடைசி எல்லை எல்லாவற்றையும் கைப்பேசியின் இருப்பிடக் குறியோடு பதியுங்கள். ஆட்சேபத்துடன் அதை இணைத்துக் கொடுங்கள். வடக்கே உள்ள அடுத்த ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கரையில் விழும் கல் நாளை அவர்கள் வாசலில் கடலைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடும்.