ஷேர்பாயிண்ட் (ஆபீஸ்ல ஃபைல், டேட்டா பகிர்ந்துக்கற மைக்ரோசாஃப்ட் தளம்) லிஸ்ட்ல 5000 ஐட்டம் தாண்டினதும் எரர் வருதே, ஏன்?

அதுக்கு பேரு லிஸ்ட் வியூ த்ரெஷோல்டு, ஒரே தேடல்ல 5000 வரிசைக்கு மேல புரட்ட விடமாட்டேன்னு சொல்ற எல்லை. பின்னாடி வேலை செய்யறது எஸ்க்யூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ், அது வரிசை வரிசையா பூட்டு போட்டுட்டே வந்து சுமார் 5000 ஆனதும் இது கட்டுப்படியாகாதுன்னு மொத்த டேபிளையே பூட்டிடும், அதே டேபிள்லதான் மத்தவங்க லிஸ்டும் கெடக்கு, அப்புறம் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். ஒரே ஒரு பேர தேடறேன்னு ஒருத்தர் பொது ரெஜிஸ்டர மடில வச்சிக்கிட்டு உக்காந்துட்டா க்யூ நகருமா?

எத வச்சு ஃபில்டர் பண்றீங்களோ அந்த காலம்-க்கு (column) இண்டெக்ஸ் போடுங்க (புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கற அட்டவணை மாதிரி, எல்லாத்தையும் புரட்டாம நேரா தேட), லிஸ்ட் சின்னதா இருக்கும்போதே போட்டுடுங்க (வளந்தப்புறம் போடறது தலவலி), முதல் ஃபில்டர்லயே 5000க்குள்ள கொறையணும்.

நெறைய பேர் 5000தான் லிஸ்ட்டோட கொள்ளளவுன்னு நெனச்சு பழைய டேட்டாவ அழிக்கறாங்க, அப்படி இல்லங்க, ஒரு லிஸ்ட் 3 கோடி ஐட்டம் வரைக்கும் தாங்கும்.