மம்மி கேள்வி-பதில்: நேட்ரான் உப்பு முதல் சதுப்பு நிலம் வரை

எகிப்தில் ஓர் உடலை மம்மியாக்க 70 நாள் ஆகும் என்கிறார்கள். அத்தனை நாளும் என்னதான் செய்தார்கள்?

அந்த 70இல் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் உடல் உப்பில் சும்மா கிடந்தது. கைவேலை எல்லாம் முதல் சில நாளிலும் கடைசி ஒரு மாதத்திலும்தான்.

உடலைக் கழுவியதும் முதலில் மூளையை எடுப்பார்கள். மூக்கின் வழியே வெண்கலக் கம்பியை ஏற்றி, மேலே சல்லடைபோல் இருக்கும் மெல்லிய எலும்பை உடைக்க வேண்டும். கொக்கி போட்டு இழுத்தால் மூளை வந்துவிடும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 1994இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பாப் பிரையரும் ரொனால்ட் வேடும், தானமாகக் கிடைத்த ஓர் உடலைப் பழைய முறைப்படியே பதப்படுத்திப் பார்த்தார்கள். கொக்கியில் எதுவும் சிக்கவில்லை. கம்பியால் கடைந்து, தண்ணீர் விட்டுக் கூழாக்கி, உடலைக் குப்புறத் திருப்பிய பிறகே மூளை வடிந்தது.

அடுத்தது இடப்பக்க வயிற்றில் ஒரு சிறிய வெட்டு. இரைப்பை, குடல், கல்லீரல், நுரையீரல் நான்கும் அதன் வழியாகத்தான் வெளியே வரும். குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் இறந்த சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் இதில் தாமதம் கூடாது. உள்ளே பேரீச்சை மதுவால் கழுவி, உடலின் மேலும் கீழும் உள்ளும் நேட்ரானைக் கொட்டி மூடினார்கள்.

நேட்ரான் என்பது எகிப்தின் வாடி நட்ரூன் பள்ளத்தாக்கின் வற்றிய ஏரிகளில் கிடைத்த இயற்கை உப்பு. சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் அதில் பிரதானம். சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்திருக்கும். சாதா உப்பு நீரை மட்டும்தான் உறிஞ்சும். நேட்ரான் காரத்தன்மை உள்ளது, ஆகவே கொழுப்பையும் சோப்பாக மாற்றிவிடும். ஒரு காலத்தில் இதைக் கரைசலாக்கி உடலை ஊறவைத்ததாக நம்பினார்கள். ஊறவைத்தால் தோல் உரிந்து வரும். உலர்ந்த நேட்ரான்தான் சரி என்று சோதனைகள் காட்டின. மேரிலாந்து சோதனைக்கு 250 கிலோவுக்கு மேல் நேட்ரான் தேவைப்பட்டது. 35 நாளில் உடல் எடை பாதிக்கும் கீழே போய்விட்டது.

காயும்போது தோல் சுருங்கி நகங்கள் கழன்று விழும். அதற்காக ஒவ்வொரு விரல் நுனியிலும் நூல் சுற்றிக் கட்டிய மம்மிகள் இருக்கின்றன. தொழில் தெரிந்தவன் கை என்பதை அங்கே பார்க்கலாம்.

மிச்ச நாட்கள் எண்ணெய், பிசின், லினன் துணி, தாயத்துகளுக்கு. வசதியானவர் என்றால் துணி மட்டுமே நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் போகும். சரி, உலர்வதற்கு 35, 40 நாள் போதும் என்றால் 70 எதற்கு? சிரியஸ் விண்மீன் ஆண்டுதோறும் ஏறக்குறைய 70 நாள் கண்ணில் படாமல் மறைந்து மறுபடி உதிக்கும். அந்தக் கணக்கை இறந்தவருக்கும் பொருத்தினார்கள். வேதியியல் கேட்டது 40 நாள். மீதியைக் கேட்டது நம்பிக்கை.

மூளையைத் தூக்கி எறிந்தவர்கள் இதயத்தை மட்டும் ஏன் உள்ளேயே விட்டார்கள்?

நினைவும் புத்தியும் குணமும் இதயத்தில் இருப்பதாக அவர்கள் கருதினார்கள். மறுமையின் தீர்ப்பு மண்டபத்தில் தராசின் ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் உண்மைக்கும் நீதிக்கும் உரிய மாத் தேவதையின் இறகு. அனுபிஸ் என்ற தெய்வம் தராசைச் சரிபார்ப்பார், தோத் என்ற தெய்வம் எழுதிக்கொள்வார். 42 நீதிபதிகள் முன்னால், இன்னின்ன பாவம் செய்யவில்லை என்று இறந்தவர் வரிசையாகச் சொல்ல வேண்டும். இதயம் கனத்தால் முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் அதை விழுங்கிவிடும். அதோடு கதை முடிந்தது. எகிப்தியர் உண்மையில் பயந்தது இந்த இரண்டாவது சாவுக்கு.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. வண்டு வடிவக் கல் தாயத்து ஒன்றை மார்பின் மேல் வைத்தார்கள். 'என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்ற பொருளில் அதன் அடியில் மந்திரம் பொறித்திருக்கும். தீர்ப்பையும் நம்பினார்கள், சாட்சியைக் கலைக்கவும் பார்த்தார்கள்!

பள்ளிச் செயல்திட்டத்துக்கு நேட்ரான் செய்ய முடியுமா?

தாராளமாக. சமையல் சோடா 2 பங்கு, சலவைச் சோடா 1 பங்கு, உப்பு 1 பங்கு. பெரும்பாலோர் கோட்டை விடுவது சலவைச் சோடாவில்தான். கண்ணாடித் துண்டுபோல் பளபளக்கும் படிகங்களில் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அவை இன்னும் எதை உறிஞ்சும்? தட்டில் பரப்பி வெயிலில் வைத்து, வெள்ளைப் பொடியாக உதிர்ந்த பிறகு கலக்குங்கள். கையுறை கட்டாயம், கண்ணில் பட்டால் எரியும்.

ஒரே ஆப்பிளில் சம அளவில் இரண்டு துண்டுகள் வெட்டி எடை குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கலவைக்குள் புதைத்து, மற்றதைச் சும்மா வைத்து, பத்து நாள் கழித்து ஒப்பிடுங்கள். ஆப்பிளில் 85 சதவீதம் தண்ணீர் என்றாலும் எடை அந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் கொஞ்சம் உப்பு உள்ளே ஏறியிருக்கும். எடை போடும் முன் மேலே ஒட்டிய பொடியைத் தூரிகையால் தட்டிவிடவும்.

மீன் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். விரல் நீள மீனாகப் பார்த்து, குடலை முழுக்க எடுத்து, வயிற்றுக்குள்ளும் கலவையை அடைத்து, சுற்றிலும் 2, 3 செ.மீ. கனத்துக்குக் கொட்டுங்கள். மூன்றாம் நாளில் கலவை ஈரமாகிக் கட்டிதட்டும். அதைக் கொட்டிவிட்டுப் புதியது போடவும். பிறகு வாரம் ஒருமுறை மாற்றினால் நான்கு வாரத்தில் விறைத்துவிடும். நாற்றம் வருகிறதென்றால் குடல் மிச்சம் இருக்கிறது, அல்லது கலவை போதவில்லை. டப்பாவை இறுக மூடினால் ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய துணியால் கட்டினால் போதும்.

மம்மியைக் கண்டுபிடித்தவர்கள் எகிப்தியர்தானே?

இல்லை. இன்றைய வட சிலி, தென் பெரு கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்த சின்சோரோ மக்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது எகிப்துக்குப் பல நூற்றாண்டு முன்னால், இதைச் செய்தார்கள். அவர்களுக்கு அரசன் இல்லை, பிரமிடு இல்லை, மண்பாண்டம்கூட இல்லை. உடலைப் பிரித்து, தோலை உரித்து, சதையையும் உள்ளுறுப்புகளையும் நீக்கி, எலும்புகளை நெருப்பால் உலர்த்தினார்கள். பிறகு குச்சிகளை முட்டுக்கொடுத்து எலும்புக்கூட்டை மறுபடி நிறுத்தி, சாம்பல் குழம்பால் உடலை வனைந்து, தோலைப் போர்த்தி, மாங்கனீசுக் கருப்பைப் பூசினார்கள். பிற்காலத்தவை செம்மண் நிறத்தில் இருக்கும். உடலைக் காப்பாற்றினார்கள் என்பதைவிட, புதிதாக ஓர் உடலைச் செய்தார்கள் என்பதே பொருத்தம்.

எகிப்தில் செல்வமும் பதவியும் உள்ளவருக்கே முதல் தர மம்மி. சின்சோரோ மக்களோ குழந்தைகளுக்கும் வயிற்றிலேயே இறந்த சிசுக்களுக்கும்கூடச் செய்தார்கள். அந்தப் பகுதியின் கமரோனஸ் ஆற்று நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் மிக அதிகம். அதனால் குழந்தைகள் ஏராளமாக இறந்திருக்கலாம், பெற்றோரின் அந்தத் துயரமே இந்த வழக்கத்துக்கு வித்திட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் பெர்னார்டோ அரியாசா சொல்கிறார். நிரூபணம் கடினம் என்றாலும் மற்ற விளக்கங்களைவிட இது நம்பும்படி இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ இந்த இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்த மம்மிகள் இன்று ஆபத்தில் இருக்கின்றன. அவை இருக்கும் சிலியின் அரிகா நகரில் காற்றின் ஈரப்பதம் கூடியதால், தோலில் இருக்கும் சாதாரண பாக்டீரியாக்கள் பெருகி, சிலவற்றின் தோல் கருங்குழம்பாகக் கசிகிறது. ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்தாக வேண்டும்.

எகிப்திய மன்னர் துட்டன்காமுன் உடல் ஏன் கரிபோல் இருக்கிறது? சாபமா?

அளவுக்கு மீறிய தைலம். பிசின் கலந்த தைலத்தைத் தாராளமாக ஊற்றியதில் அது கெட்டித்து, உடலும் தங்க முகமூடியும் சவப்பெட்டியின் அடியோடு ஒட்டிக்கொண்டன. 1925இல், கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் குழு வெயிலில் வைத்து இளக்கப் பார்த்து முடியாமல், உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, சூடேற்றிய கத்திகளால் முகமூடியை விடுவித்தது. அந்த உடலுக்கு நேர்ந்த பெரிய சேதம் அதுதான்.

சாபத்தைப் பொறுத்தவரை, அகழாய்வுக்குப் பண உதவி செய்த கார்னர்வான் பிரபு 1923இல் கொசுக்கடி புண்ணாகி இறந்தார். உடலைப் பிரித்த கார்ட்டரோ 1939 வரை இருந்தார். அப்போது எகிப்தில் இருந்த மேலைநாட்டவர் 44 பேரின் ஆயுளை 2002இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு ஒப்பிட்டது. கல்லறையோடு தொடர்பு இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்ததாகக் கொள்ள ஆதாரமில்லை.

மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது உண்மையா?

உண்மை. எகிப்திய மன்னர் இரண்டாம் ராமேசஸின் மூக்கில் மிளகு அடைத்திருந்தது. கி.மு. 1213இல் இறந்தவர் அவர். மிளகின் தாயகம் தென்னிந்தியா. அந்த வணிகம் எவ்வளவு பழையது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சதுப்பு நிலத்தில் கிடைத்த உடல்களில் முகம் அப்படியே இருக்கிறது, எலும்பு மட்டும் மிருதுவாகிவிடுகிறதாமே?

எகிப்துக்கு நேர் எதிர் வழி இது. இங்கே தண்ணீர் வெளியேறவில்லை. தண்ணீருக்குள்ளேயே உடல் தோலாகப் பதனிடப்பட்டது. சதுப்பில் வளரும் ஸ்ஃபாக்னம் பாசி வெளியிடும் பொருட்கள் தோலின் புரதத்தைப் பிணைத்துப் பழுப்பாக்கும், தலைமுடியைச் செம்பட்டையாக்கும். அதே அமிலம் எலும்பின் கால்சியத்தைக் கரைத்துவிடும். ஆக்சிஜன் இருக்கக்கூடாது, உடல் விழும்போது நீர் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கோடையில் விழுந்தது உள்ளிருந்தே அழுகும்.

1950இல் டென்மார்க்கில் கிடைத்த டோலண்ட் மனிதனைப் பார்த்தவர்கள், அண்மையில் நடந்த கொலை என்று போலீஸைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் பின்னிய தோல் சுருக்கு, மோவாயில் குறுந்தாடி, வயிற்றில் பார்லியும் ஆளிவிதையும் கலந்த கஞ்சி. இறந்து 2,300 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காலத்து மக்கள் இறந்தவர்களைப் பொதுவாக எரித்தார்கள். ஆகவே சதுப்பில் இட்டது சாதாரண அடக்கம் அல்ல. பலி என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்ப்பதில் தலைதான் அசல், உடல் மறுவடிவம்.

ஜப்பானியத் துறவிகள் உயிரோடு மம்மியானார்களா?

யமகாட்டா பகுதியில் அப்படிச் சிலர் உண்டு. 1783இல் இறந்த ஷின்னியோகாய் அவர்களில் பெயர்பெற்றவர். தானியத்தை அறவே விட்டு, கொட்டை, மரப்பட்டை, பைன் ஊசியிலைகளில் ஆயிரக்கணக்கான நாட்கள் வாழ்ந்து உடல் கொழுப்பைக் கரைத்தார்கள். வார்னிஷ் மரத்தின் நச்சுப் பாலைக் குடித்ததாகவும் மரபு. கடைசியில் மண்ணுக்கடியில் சிறு அறையில் தியானத்தில் அமர்வார்கள். மூன்று ஆண்டு மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அழுகித்தான் இருக்கும், அந்த ஊர் ஈரம் அப்படி. தேறியவற்றையும் சில நேரம் மெழுகுவர்த்திப் புகையில் உலர்த்தினார்கள். நம்பிக்கையின்படி அவர்கள் இறக்கவில்லை. 567 கோடி ஆண்டு கழித்து மைத்ரேய புத்தர் வரும்வரை தியானத்தில் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி அரசு இதைத் தடைசெய்தது.

பிணத்தை வீட்டிலேயே வைத்திருக்கும் மக்கள் யார்?

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் டொராஜா மக்கள். எருமைகள் வெட்டிப் பெரிய சடங்கு செய்யும்வரை அவர் இறந்தவர் அல்ல, உடம்பு சரியில்லாதவர்தான். அவருக்குச் சாப்பாடு வைப்பார்கள், பேசுவார்கள். செலவுக்குப் பணம் சேர மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ ஆகும். உடல் கெடாமல் இருக்க இப்போது ஃபார்மலின் ஊசி போடுகிறார்கள். திபெத்தில் இதற்கு மறுதுருவம்: உயிர் போனபின் உடல் வெறும் கூடு, கழுகுகளுக்குக் கொடுப்பதே கடைசி தானம்.

எகிப்தியப் பூனை மம்மிகளில் போலி உண்டாமே?

மான்செஸ்டரில் நூற்றுக்கணக்கான விலங்கு மம்மிகளை எக்ஸ்-ரே எடுத்தார்கள். சுமார் மூன்றில் ஒன்றில் முழு உடல், மூன்றில் ஒன்றில் சில எலும்புகள், மீதியில் சேறும் குச்சியும் மட்டும். மோசடி என்று உடனே சொல்லிவிட வேண்டாம். கோயிலில் காணிக்கையாக விற்றவை இவை. விலங்கின் ஒரு துணுக்கோ, அது தொட்ட நாணலோ இருந்தாலே போதும் என்று கொண்டிருக்கலாம். 1890இல் ஏறக்குறைய 1,80,000 பூனை மம்மிகளை லிவர்பூலுக்குக் கப்பலேற்றி, உரமாக அரைத்து வயலில் போட்டார்கள். அவற்றில் எத்தனை அசல் என்று அப்போது யாரும் கவலைப்படவில்லை.